காந்தம் கடல் கடந்த கதை

தஞ்சை மாவட்டத்து வாசகி ஒருவர் நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் பணி ஓய்வு பெற்றவர். காலையில் சந்தியாவந்தனமும் மாலையில் சிவாலய தரிசனமும் தவறாதவர். சில மாதங்களாக இணையவழி வகுப்பொன்றில் சேர்ந்து ஒரு பயிற்சி செய்துவருகிறாராம். கண்களை மூடிக்கொண்டு, உடலிலுள்ள 'காந்த சக்தி'யை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை மனத்தாலேயே இறக்க வேண்டும். பிறகு உச்சிக்கு ஏற்ற வேண்டும். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால் மேனி முழுவதும் ஓர் அதிர்வு பரவும். பிரேசில் நாட்டு ஆவியுலக நெறியினரிடம் வளர்ந்த பயிற்சி இது என்றும், ஆனால் அவர்களுக்கு இதை அளித்தவர்கள் நம் ரிஷிகளே என்றும் வகுப்பில் சொன்னார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு அசையாத பிடிப்பு ஏற்பட்டுவிட்டது. இரத்த அழுத்தத்துக்கு உட்கொண்டுவந்த மாத்திரையையும் சென்ற மாதத்தோடு நிறுத்திவிட்டார். தடுத்துப் பேசினால், "ரிஷி வாக்கியத்தையா சந்தேகிக்கிறாய்?" என்று கேட்கிறாராம். "நான் சந்தேகிப்பது தோஷமாகுமா?" என்பது அந்தச் சகோதரியின் கேள்வி.

மாத்திரையைப் பற்றிய விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை இன்றே மருத்துவரிடம் காட்டி மீண்டும் தொடங்கச் செய்யுங்கள், அம்மா. இரத்த அழுத்தம் வலியின்றி வளரும் நோய். உடம்பு லேசாக இருக்கிறது என்ற உணர்வை வைத்து அதை அளக்க இயலாது. இப்பயிற்சியை இன்றைய வடிவில் வகுத்துப் பரப்பியவரே ஒரு மருத்துவர்தாம். பிரேசில் நாட்டு ஆவியுலக மன்றங்களும் தம்மிடம் வருவோரிடம், இது மருத்துவத்துக்கு மாற்றன்று என்றே சொல்கின்றன.

இனி, ரிஷிகள் தந்ததா என்னும் கேள்விக்கு வருவோம். ஆற்றின் மூலத்தைக் காண விரும்புவோர் முகத்துவாரத்திலிருந்து எதிர்நீச்சலாகவே செல்ல வேண்டும். நாமும் அவ்வாறே செல்வோம்.

மேலே சொன்ன பயிற்சியைப் பரப்பியவர் வால்டோ வியெய்ரா (1932–2015) என்னும் பிரேசில் நாட்டவர். மருத்துவமும் பல் மருத்துவமும் பயின்றவர். இளமையில், சிகோ ஷேவியர் (1910–2002) என்ற பெரும்புகழ் பெற்ற ஆவியுலக எழுத்தாளருடன் இணைந்து பல நூல்களை வெளியிட்டார். பின்னர் அந்நெறியிலிருந்து விலகித் தனிவழி கண்டு, 1986இல் தம் கொள்கைகளை ஒரு பெருநூலாக வெளியிட்டார். மனத்தால் சக்தியை மேலும் கீழும் ஓட்டி எய்தும் நிலைக்கு 'அதிர்வு நிலை' என்று பெயரிட்டார். நெறியை விட்டு விலகியவர், அந்நெறியில் கற்ற சக்தி, ஓட்டம் முதலிய கருத்துகளை விட்டுவிடவில்லை. பிறர் கையை வீசிச் செய்ததை, தனக்குத் தானே மனத்தால் செய்துகொள்ளுமாறு மாற்றினார் என்று சொன்னால் பெரும்பாலும் பொருந்தும்.

பிறர் கையை வீசிச் செய்தது எது? பிரேசிலில் இன்றும் ஆயிரக்கணக்கான ஆவியுலக மன்றங்களில் அது அன்றாடம் நடைபெறுகிறது. மங்கலான ஒளியுள்ள அறையில் வந்தவர் அமர்ந்திருப்பார். எதிரே ஒருவர் நின்று, அவர் உடலைத் தொடாமல், தலைமேல் தொடங்கிக் கீழ்நோக்கிக் கைகளை மெல்ல வீசுவார். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். அதன்பின், பிரார்த்தனை செய்து வைத்த ஒரு சிறு குவளை நீரைப் பருகத் தருவார்கள். நம் கோயில் தீர்த்தம் உங்கள் நினைவுக்கு வரலாம், எனக்கும் வந்தது. இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அங்கே உறுதியான கட்டுப்பாடு. 1890இல் இயற்றப்பட்ட பிரேசில் நாட்டுக் குற்றவியல் சட்டம் ஆவியுலக வழிபாட்டையே குற்றமாக வைத்தது. அதையும் கடந்து இது வேரூன்றியதற்கு, இலவசமாகச் செய்யும் தருமம் என்ற பெயரும் ஒரு காரணம். (கட்டணம் கேட்கும் இணைய வகுப்புகள் இந்த ஒரு செய்தியை மட்டும் பிரேசிலிலிருந்து இறக்குமதி செய்ய மறந்துவிட்டன போலும்!)

பிரேசிலுக்கு இது பிரான்சிலிருந்து வந்தது. லியோன் நகரில் பிறந்த ரிவாய் என்னும் கல்வியாளர், 'ஆலன் கார்டெக்' என்ற புனைபெயரில் 1857ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று 'ஆவிகளின் நூல்' என்பதை வெளியிட்டார். ஆவியுலக நெறிக்கு அதுவே மூலநூல். ஆவிகளைப் பற்றி ஆராயத் தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே கார்டெக் 'காந்த மருத்துவம்' பயின்றவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1868இல் வெளியான மற்றொரு நூலில், குணப்படுத்தும் காந்த ஓட்டம் மனிதனிடமிருந்து வரலாம், ஆவியிடமிருந்து வரலாம், இரண்டும் கலந்தும் வரலாம் என்று மூவகையாகப் பிரித்தார். ஆக, காந்தம் அவருக்கு முன்பே இருந்தது. ஆவியை அதனோடு சேர்த்ததே அவருடைய பணி.

அவர் பயின்ற அந்தக் காந்த மருத்துவத்துக்கு இலக்கணம் வகுத்தவர் தெலூஸ் (1753–1835) என்னும் பிரெஞ்சு அறிஞர். 1825இல் அவர் எழுதிய செய்முறைக் கையேட்டில் கைவீச்சின் ஒழுங்கு முழுவதும் இருக்கிறது. நோயாளியை எதிரே அமர்த்தி, இருவர் கட்டைவிரல்களும் ஒரே வெப்பம் அடையும்வரை பற்றியிருத்தல்; பிறகு தலையிலிருந்து கீழ்நோக்கி உள்ளங்கையால் வீசுதல்; கையை மீண்டும் மேலே கொண்டுபோகும்போது உள்ளங்கையை வெளிப்புறமாகத் திருப்பிக்கொள்ளுதல். மேலிருந்து கீழ் என்ற அந்தத் திசையே, மனத்தால் செய்யும் பயிற்சி வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே ஏறினால் ஊற்றுக்கண் தென்படும். ஃபிரான்ஸ் அன்டோன் மெஸ்மர், 1734இல் பிறந்தவர், வியன்னா நகர மருத்துவர். தமிழிலும் வழங்கும் 'மெஸ்மரிசம்' என்ற சொல் இவர் பெயரால் அமைந்ததே. 1774இல் ஹெல் என்ற பாதிரியார் – அவர் வானியலாளரும்கூட – செய்து தந்த இரும்புக் காந்தங்களை ஒரு நோயாளிப் பெண்ணின் உடலில் வைத்துச் சிகிச்சை செய்தார் மெஸ்மர். அவள் குணமடைந்தாள். விரைவிலேயே, இரும்புக் காந்தம் வேண்டியதில்லை, என் உடலிலேயே காந்தம் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். அண்டம் முழுவதும் நிறைந்த நுண்ணிய ஓட்டம் ஒன்று உண்டு; அது உடலில் தடைப்படுவதே நோய்; தடையை நீக்குவதே சிகிச்சை என்பது அவர் கொள்கை. இன்று 'எனர்ஜி பிளாக்' என்று நம்மவர் சொல்வது இதன் கொள்ளுப்பேரன்தான். 1778இல் அவர் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். நீரும் இரும்புத்தூளும் நிரப்பிய பெரிய மரத்தொட்டியைச் சுற்றிச் சீமான்களும் சீமாட்டிகளும் அமர்ந்து, அதிலிருந்து நீட்டியிருக்கும் இரும்புக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு, உடல் நடுங்கி அழுது எழுந்து, குணமானதாகச் சொல்லிப் போனார்கள்.

1784இல் பிரெஞ்சு மன்னர் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தார். இடிதாங்கி கண்ட பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலின் தந்தையான லவாய்சியர் போன்றோர் அதில் இருந்தனர். ஃபிராங்க்ளின் இல்லத் தோட்டத்தில் அவர்கள் செய்த சோதனை இன்றும் படிக்கச் சுவையானது. மெஸ்மரின் சீடர் ஒருவர் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்துவந்து, ஒவ்வொரு மரமாகத் தழுவச் செய்தார்கள். நான்காவது மரத்தில் அவன் மூர்ச்சித்து விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ அப்பால் தள்ளி நின்றுகொண்டிருந்தது! விளைவுகள் மெய், அவற்றுக்குக் காரணம் காந்தம் அன்று, மனக்கற்பனையே என்று குழு அறிக்கை தந்தது.

இதன் பிறகு நம் நாட்டவர் ஒருவர் கதைக்குள் வருகிறார். அப்பே ஃபரியா, 1756இல் கோவாவில் கண்டோலிம் என்னும் ஊரில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். பணஜி நகரில் அவருக்குச் சிலை உண்டு. 1813இல் பாரிசில் பொது விளக்கக் கூட்டங்கள் நடத்திய அவர், கையை வீசவில்லை. எதிரே இருப்பவரை அமைதியாக அமரச் செய்து, "உறங்குக" என்று ஆணையிட்டார், அவர்களும் உறங்கினர். பாய்ந்து செல்லும் பொருள் எதுவும் இல்லை, எல்லாம் உறங்குபவரின் மனத்திலேயே நிகழ்கிறது என்று துணிந்து சொன்னவர் அவர். இந்தக் கதை முழுவதிலும் இந்தியாவில் பிறந்த முதல் மனிதர், காந்தத்தை மறுத்தவராக இருக்கிறார் என்பது எனக்கு வியப்பளிக்கிறது.

அப்படியானால் மூலம் நம்முடையதே அன்று என்று சொல்லிவிடலாமா? முழுவதுமாகச் சொல்ல முடியாது. தலைமுதல் கால்வரை வேப்பிலையால் இறக்குவதும், திருநீறு மந்திரித்து ஊதுவதும் நம் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம் அல்லவா? 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் பணியாற்றிய எஸ்டெய்ல் என்ற ஆங்கில அரசின் மருத்துவர், மயக்க மருந்து அறிமுகமாவதற்கு முன்பே, மெஸ்மர் முறைக் கைவீச்சினால் நோயாளிகளை உறங்கவைத்து வலியின்றி அறுவை சிகிச்சைகள் செய்தார். உள்ளூர் மந்திரவாதிகள் தடவியும் ஊதியும் செய்யும் வைத்தியம் தம் முறையை ஒத்திருப்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஒத்திருப்பது வேறு. ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பது வேறு. அழும் குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுக்க எந்தத் தாயும் எந்த நாட்டிலிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை. கையசைவு எங்கும் உண்டு. 'உடம்பில் காந்த ஓட்டம்' என்ற விளக்கம்தான் வியன்னாவில் பிறந்தது.

உண்மையாகவே இங்கிருந்து அங்கே போன பொருள் ஒன்று உண்டு. அது போன வழி சென்னை அடையாறு. பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான கர்னல் ஆல்காட், அமெரிக்காவில் ஆவியுலக ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர். 1882இல் அச்சபை அடையாற்றில் தலைமையகம் கொண்டது. அவ்வாண்டில் இலங்கையிலும், தொடர்ந்து வங்காளத்திலும் தென்னாட்டிலும் ஆல்காட் கைவீச்சு வைத்தியம் செய்தார். நோயாளிகள் திரண்டு வந்தனர். அதாவது மெஸ்மரின் காந்தம் நம் வாசலுக்கே வந்து சேர்ந்தது. திரும்பிப் போகையில் அது ஆறாதாரங்களைக் கையோடு எடுத்துச் சென்றது.

இதற்குத் தடயம் மண்ணீரல். மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை என்னும் ஆறையும் நீங்கள் அறிவீர்கள். திருவாரூர், திருவானைக்கா, திருவண்ணாமலை, தில்லை, திருக்காளத்தி, காசி என்று அவற்றைத் தலங்களாகவே கண்டு வணங்குவது நம் மரபு. இவற்றில் மண்ணீரல் எங்கும் இல்லை. அடையாற்றிலிருந்து 1927இல் வெளிவந்த 'சக்கரங்கள்' என்ற நூலில் லெட்பீட்டர், சுவாதிட்டானத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தில் மண்ணீரல் சக்கரத்தை வைத்தார். சிகோ ஷேவியர் 1954இல் வெளியிட்ட நூலொன்று உடலின் ஏழு சக்தி மையங்களைக் கூறுகிறது: உச்சி, மூளை, தொண்டை, இதயம், மண்ணீரல், இரைப்பை, பிறப்புறுப்பு. நம் நூல்களில் இல்லாத மண்ணீரல் அங்கே இருக்கிறது! திருமூலரிடமிருந்து நேரே போயிருந்தால் இது நேர்ந்திராது. லெட்பீட்டர் வழியே போனதால்தான் மண்ணீரலும் உடன்சென்றது என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, சகோதரியே, சந்தேகிப்பதால் உங்களுக்குத் தோஷம் ஏதும் இல்லை. ரிஷிகள் சொல்லாததை ரிஷிகள் சொன்னதாகச் சொல்பவரிடம், "எந்த நூலில்?" என்று கேட்பது அபசாரம் ஆகாது. கண்ணை மூடி உடலைக் கவனித்து அமர்வதால் மனம் அடங்குமானால், உங்கள் கணவர் அதை விட வேண்டியதும் இல்லை.

காந்தம் என்ற சொல் நம் ஞானநூல்களிலும் வருகிறது என்று அவர் மறுமொழி சொல்லக்கூடும். வருகிறது, மெய்தான். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தையும் இரும்பையும் எடுத்தாள்கிறார். அது உவமை. காந்தத்தின் முன்னிலையில் இரும்பு தொழிற்படுவது போல, இறைவனின் அருள் முன்னிலையில் உயிர்கள் அறிகின்றன என்பது அங்கே பொருள். காந்தத்திலிருந்து எதுவும் இரும்புக்குள் பாய்ந்து தலைமுதல் கால்வரை ஓடுவதாக மெய்கண்டார் சொல்லவில்லை. சந்நிதியில் நிற்றல் என்பதையே சொன்னார். அந்தச் சூத்திரத்தின் உரையை மாலையில் கோயிலுக்குப் போய்வந்த பின் இருவருமாக அமர்ந்து படித்துப் பாருங்கள். பொருள் விளங்காத இடம் இருந்தால் எழுதுங்கள். வரும் இதழ்களில் பார்க்கலாம்.