ஹாட் ராட் வண்டிகளும் பழமை பேணும் முறையும்

பழம்பொருளைப் பேணுதலாவது யாது? அதன் மேற்பட்ட தழும்புகளோடு காப்பதா, அன்றிப் புதிதெனத் தோன்றும்படி மெருகிடுவதா? ஏடு பதிப்பிப்போர்க்குப் பழக்கமான இவ்வினா, அமெரிக்க நாட்டு ஹாட் ராட் என்னும் மோட்டார் வண்டிகளைக் குறித்தும் எழுகின்றது.

ஹாட் ராட் என்பது கம்பெனியார் செய்து விற்ற வண்டியன்று. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு கம்பெனியார் டி மாடல் வண்டிகளை ஒன்றரைக் கோடி அளவிற் செய்தனர். ஆகலின் பழையன மலிவாய்க் கிடைத்தன. தென் கலிபோர்னியா வாலிபர், இருவர் அமரும் திறந்த ரோட்ஸ்டரை வாங்கி, மட்கார்டு முதலியவற்றைக் கழற்றிப் பாரங்குறைத்து, முரோக் என்னும் வறண்ட ஏரிப் பரப்பிலே விரைவு சோதித்தனர். 1937-ல் அவர்தம் குழுக்கள் தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷனாக ஒன்றின. 1932-ல் ஃபோர்டு வெளியிட்ட எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 65 குதிரைத்திறன் உடையது. எரிந்த புகை அதன் உடலினூடே சென்று வெளிப்படுதலால் எளிதிற் சூடேறும். அக்குறையோடு மல்லாடியே அவ்வாலிபர் எஞ்சின் வித்தையைக் கற்றனர்.

இவ்விடத்து ஒரு பெண்மணியைக் கூறாது செல்லுதல் தகாது. ஏரிப்பரப்பில் ஆடவரோடு ஓட்டிய வேடா ஆர் என்பார், இரண்டாம் உலகப் போரின்போது செய்தித்தாள் வெளியிட்டுக் கடல்கடந்திருந்த வீரர்க்கு அனுப்பி வந்தார். வண்டியை நினைப்போர் அத்தாளையும் நினைப்பாராக.

போர் முடிந்தபின் வீதிப் பந்தயங்களால் ஊரார் வெறுப்பு மிகுந்தது. 1950-ல் சாண்டா அனா விமானத்தளத்தில் டிராக் ஓட்டம் முறையாய்த் தொடங்கிற்று. 1951-ல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். நின்ற நிலையினின்றும் கால் மைல், அஃதாவது 1,320 அடி ஓடுதலே போட்டி. எஞ்சினைப் பின்தள்ளி அமைத்ததும், பின்னே அகன்ற வழுவழுப்பான டயர் பூட்டியதும் அழகுக்கன்று. சக்கரம் வீணே சுழலாது தரையைப் பற்றுதற்கே. அச்சிலே துளையிட்டது எடை குறைத்தற்கே. இன்றோ சிலர் அத்துளைகளை அணிகலனாகவே இட்டுக் குரோமியம் பூசுகின்றனர். மண்டபத்தை விட்டு நகராத வண்டிக்கு எடை குறைப்பது எற்றுக்கோ!

1997-ல் பெபிள் பீச் வண்டிக் காட்சியில் ஹாட் ராடுகளுக்கென முதன்முறையாக ஒரு பிரிவு வகுக்கப்பட்டது. 1940-களில் டோன் ஸ்பென்சர் உருவாக்கிய 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டர் அதில் முதலிடம் பெற்றது. வறிய வாலிபரின் கைவேலை செல்வர் அவையேறியது மகிழ்தற்குரியதே. ஆயினும் இத்தகைய வண்டி பலர் கைம்மாறி, ஒவ்வொருவராலும் திருத்தம் பெறுவது. இவற்றுள் எதனை மூலபாடமெனக் கொள்வது? ஓராண்டின் கோலத்தைத் தெரிந்து அதற்கே மீட்டால், மற்றையோர் கைவண்ணம் அழிந்தொழியும். ஆதலின் பற்றுவைத்த தழும்பைத் தேய்த்து மறைத்தல் கூடாதென்பதே என் துணிபு.

இனி, பழைய உடல் அருகியதனால் கண்ணாடியிழையால் வார்த்த உடலையும் புதிய எஃகுடலையும் வாங்கிப் பழம்பாங்கில் வண்டி கட்டுவோர் உளர். இவை போலியென்று இகழ்வார் கூற்று எனக்கு உடன்பாடன்று. 1955-ல் செவர்லே கம்பெனியார் 265 கன அங்குல எஞ்சினை வெளியிட்டதும், அதனைத் தம் வண்டியிற் பூட்டுதற்கு அன்றைய ஓட்டக்காரர் பலர் ஃபோர்டு எஞ்சினைக் கழற்றியெறியவில்லையோ? கிடைத்தது கொண்டு கட்டுவதே அவர் மரபு. தன் கையால் வெட்டி ஒட்டும் இளைஞன், பொருள்கொடுத்து மெருகேற்றுவிக்கும் செல்வனினும் அவர்க்கு அணுக்கமானவன். புதியதைப் பழையதென விற்றல் மட்டும் வஞ்சகம், அதனை மன்னித்தற்கில்லை.

பழைய வண்டியை உடையோர் செய்யத்தக்கது பெரிதன்று. எவர் எவ்வாண்டில் எதனை மாற்றினார் என்பதை எழுதி, ஓட்டநேரம் குறித்த சீட்டுகளோடு வண்டியிலேயே வைக்கலாம். அக்காலத்து ஓட்டியவருள் எஞ்சியோர் சிலரே. வண்டியை ஓட்டவும் வேண்டும். நெடுநாள் நின்றால் பெட்ரோல் பிசினாய் உறைந்து கார்புரேட்டரை அடைக்கும், ரப்பர் வெடிக்கும். ஆண்டுக்கொரு முறையேனும் அந்த 1,320 அடியை அது ஓடட்டும். டயர் தேய்ந்தால் தேயட்டும்.