குறை மனப்பான்மையில் இல்லை

"தோட்டத்து ஆட்களுக்கு வியாபார மனப்பான்மை இல்லை, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். இலங்கை மலையகத்தில் பன்வில, மடுல்கலைப் பக்கம் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முன்னறையில் கடை வைத்திருக்கும் பெண்ணின் கடன் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். யாருக்கு எப்போது சம்பளம், எந்த வீட்டில் வேலைநாள் குறைந்தது, யாருக்கு இனி அரிசி மட்டும் கடன் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கடைக் காசையும் வீட்டுக் காசையும் பிரித்து எழுத அவர் கற்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கடை பெருக்கக் கடன் கேட்டால் வங்கி கேட்பது காணி உறுதி. லயமோ தோட்டத்துக்குச் சொந்தம். 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, நாடற்றவர்களாய் எஞ்சியோர் 2003இல்தான் சட்டப்படி பிரஜைகளான சமூகம் இது. பிணை வைக்கக் காணிக்கு எங்கே போவார்கள்? பயிற்சி வகுப்பு தாராளமாக நடத்துங்கள். அதற்கு முன் காணி உறுதியைக் கையில் கொடுங்கள்.