தினைப்புனம் காத்தவளின் கூலி

குறிஞ்சித் திணையை நடத்தும்போதெல்லாம் மாணவியரிடம் ஒரு கேள்வி கேட்பேன். தினைப்புனத்துப் பரணில் அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? "தலைவனுக்காகக் காத்திருக்கிறாள் மேடம்" என்பார்கள். இல்லை பெண்களே, அவள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். தட்டையும் தழலும் குளிரும் அவளுடைய கருவிகள். அவள் கிளியை ஓட்டாவிட்டால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. நாம் அவளுடைய காதலுக்கு மதிப்பெண் போட்டோம், உழைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

புதுச்சத்திரத்திலிருந்து கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். ஆனால் லாரியும் கோழிப்பண்ணையுமான இந்தச் சமவெளியில் வனவிலங்குப் பாதுகாப்பு என்பது திரையில் பார்க்கிற அழகான காட்சி மட்டும்தான். 2023 மார்ச்சில் 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வென்றபோது நாமும் கண்கலங்கினோம். முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயைப் பிரிந்த யானைக்குட்டிகளை வளர்த்த பழங்குடிப் பெண் பெள்ளியை யானைகளின் தாய் என்று கொண்டாடினோம்.

ஒரு பெண்ணின் வேலையைத் தாய்மை என்று யாராவது புகழ்ந்தால் நான் உடனே அவளுடைய சம்பளத்தை விசாரிப்பேன். பெள்ளி அப்போது தற்காலிகப் பணியாளர். முன்னாள் கணவரைப் புலிக்குப் பறிகொடுத்தவர், அதே காட்டின் குட்டிகளுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். 2023 ஆகஸ்டில்தான் அவருக்குக் காவடி என்ற நிரந்தரப் பணி கிடைத்தது. அந்தப் பணியில் தமிழ்நாட்டின் முதல் பெண் அவர். நல்ல செய்திதான். ஆனால் முதுமலை சரணாலயமானது 1940இல். முதல் பெண்ணுக்கு எண்பத்து மூன்று ஆண்டுகளும் ஓர் ஆஸ்கரும் தேவைப்பட்டிருக்கின்றன. படம் எடுக்கப்படாத பெள்ளிகளின் கதி என்ன?

யானையும் புலியும் வாழ வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான விலையை யார் தருகிறார்கள் என்பதே என் கேள்வி. 2013இல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலம், புலிகளை இரட்டிப்பாக்கியதற்காக 2022இல் பன்னாட்டு விருது பெற்றது. புலிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். விறகுக்கும் தண்ணீருக்கும் காட்டோரப் பெண் நடக்கும் தூரத்தை யார் எண்ணினார்கள்? உண்ணிச்செடிப் புதருக்கு அப்பால் யானை நிற்கிறதா என்று தெரியாமல் நடப்பவள் அவள். அவளுக்குக் கருணை காட்டும் திட்டங்கள் வருகின்றன, முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவளுக்கு நாற்காலி வருவதில்லை.

சட்டத்தில் அந்த நாற்காலி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நில உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். விலங்குகளுக்காக மக்களை இடம் மாற்றுவதென்றால், முதலில் அவர்களுடைய உரிமைகளை அங்கீகரித்து, கிராமசபையின் ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும்.

மனிதர் இருந்தால் காடு அழியும் என்பவர்கள் சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையைப் பார்க்கட்டும். அது புலிகள் காப்பகம். அங்கே சோலிகர்களின் சமூக வன உரிமை 2011இல் அங்கீகரிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலும் இரண்டு வழிகளும் உண்டு. டான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து 1959இல் மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கென்யாவின் அம்போசெலி பூங்காவை ஒட்டிய மாசாய் நிலத்திலோ 2019இல் எட்டு இளம்பெண்கள் வனக்காவலர்களானார்கள்.

பெண்ணுக்குச் சொல் இல்லாத இடத்தில் காட்டைக் காப்பது என்னவாகும்? தர்மபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள் அந்தப் பெண்கள் விடாமல் நின்றார்கள். காடு யாருடைய பெயரால் காக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமையை அவர்களிடமிருந்துதான் நான் பெற்றேன்.

ஆகவே மாணவியரே, யானைக்காகக் கையெழுத்து வாங்க யாராவது வந்தால் தாராளமாகப் போடுங்கள். போடுவதற்கு முன், அந்தக் காட்டோரத்துக் கிராமசபையில் பெண்கள் பேசினார்களா என்று கேளுங்கள். குறிஞ்சிப் பாட்டைப் படிக்கும்போது பரணில் இருப்பவளிடம் யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்க வேண்டாம். விடிந்ததிலிருந்து நிற்கிறாயே, உன் கூலி என்ன என்று கேளுங்கள்.