தனாதிகாரியிடம் மட்டும் கேட்கும் கேள்வி

யாழ்ப்பாணத்துக் கிராமம் எதையாயினும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சனசமூக நிலையம் இருக்கும். இரண்டு வாங்கு, ஒரு மேசை, நாலு பத்திரிகை. அதன் சொத்து ஏறக்குறைய அவ்வளவுதான். ஆயினும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று அதன் தனாதிகாரி படும் பாட்டைப் பார்க்கவேண்டும்! வரவு செலவு அறிக்கையை அவர் வாசித்து முடிக்குமுன்னரே பின்வாங்கிலிருந்து ஒருவர் எழும்புவார். "ரண்டு பல்ப்பு வாங்கினதெண்டு கணக்கிலை கிடக்கு. தொங்கிறது ஒண்டுதானே? மற்றது எங்கை?" என்பார். சிட்டை காட்டவேண்டும். சிட்டை இல்லையேல் அறிக்கை நிறைவேறாது. மரணச் சகாய சங்கத்திலும் இதே கதைதான். கோயிற் கணக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்காக நீதிமன்றப் படியேறி, அப்புக்காத்துமாருக்குக் காணி விற்றுக் கொடுத்த ஊர்கள் குடாநாட்டிலே எத்தனையோ உண்டு.

ஒரு மின்குமிழுக்குச் சிட்டை கேட்கும் இதே மக்கள், தங்கள் தலைவிதியைக் கையிலே வைத்திருக்கும் அரசியல்வாதியிடம் சிட்டை கேட்டதில்லை. மாலை போட்டிருக்கிறார்கள், பின்னர் மனம் வெறுத்து வசைபாடியும் இருக்கிறார்கள். மாலையும் வசையும் கணக்காகா. ஏன் இந்த விந்தை?

கேட்க வாய் திறந்தவனுக்கு எப்பொழுதும் ஆயத்தமாய் ஒரு பதில் இருந்தது. "இது சமயமல்ல. எதிரி வாசலிலே நிற்கிறான். ஒற்றுமையைக் குலைக்காதே." எதிரி வாசலிலே நின்றது பொய்யன்று. 1956இன் தனிச்சிங்களச் சட்டமும், 1958இன் கலவரமும், 1981இலே எரிந்த நூலகமும், 2009இன் முள்ளிவாய்க்காலும் எவரும் புனைந்த கதைகளல்ல. ஆனால், வாசலிலே எதிரி நிற்கிறான் என்பதற்காக வீட்டுக்குள்ளே பெட்டகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பது எப்படித் துரோகமாகும்? கேளாதே என்று கட்டளையிடுபவரின் இடுப்பிலேயே அந்தச் சாவி தொங்கும்போது, கேட்பதன்றோ கடமை?

நம்முடைய ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருகாலத்திலே இதை அறிந்திருந்தார்கள். 1924இலே மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்திமார்தாம். ஹன்டி பேரின்பநாயகம் அவர்களிலே முதல்வர். 1927இலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். 1931இலே அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் வெறுமையாயின. அந்தப் பகிஷ்காரம் எனக்குப் பிழையாகவே படுகிறது. சர்வசன வாக்குரிமை முதன்முதல் கிடைத்த தேர்தல் அது. வாழ்நாளிலே முதற்றடவையாக வாக்களிக்க இருந்த ஏழையின் கையிலிருந்து சுயராச்சியத்தின் பெயராலே வாக்குச்சீட்டு நழுவிற்று. பிழையோ சரியோ, பதவிக்குப் புறப்பட்ட பெரிய மனிதர்களை மறித்து, "நில், எங்களிடம் சொல்லிவிட்டுப் போ" என்று கேட்கும் துணிவு வாத்திமாருக்கு அன்று இருந்தது.

பிறகு அது எங்கே போயிற்று? 1948இலே ஜீ. ஜீ. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிலே கைத்தொழில், மீன்பிடி அமைச்சராக அமர்ந்தார். ஐம்பதுக்கு ஐம்பது கேட்டு மேடைகளை அதிர வைத்த குரல் அது. அந்நாட்களிலேதான் மலையகத்துத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் குடியுரிமையை இழந்தனர்; 1949இலே வாக்குரிமையையும் இழந்தனர். தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலானோர் வெளியேறி 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். 1952 தேர்தல் வந்தது. யாழ்ப்பாணத் தொகுதி என்ன தீர்ப்புச் சொல்லிற்று? பொன்னம்பலத்தையே திரும்பவும் அனுப்பிற்று. கேள்வி கேட்டு வெளியே வந்த செல்வநாயகமோ, காங்கேசன்துறையிலே ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். தேயிலை பறித்தவளின் வாக்குப் போனால் நமக்கென்ன, நமக்குச் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததல்லவா! தொழிற்சாலையைக் காட்டி மனச்சாட்சியை மூடிவிடலாம் என்ற பாடத்தை நம் தலைவர்களுக்குக் கற்பித்தவர்கள் வேறு யாருமல்லர், வாக்காளராகிய நாம்தாம். இன்று 'அபிவிருத்தி' என்ற பெயரிலே நடக்கும் வியாபாரத்துக்கு முதற் சரக்கு அதுவே.

கேள்வியிலே பிறந்த தமிழரசுக் கட்சியும் பின்னர் கேள்வி கேட்பாரை விரும்பவில்லை. 1966 ஒக்டோபர் 21இலே தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே, தாழ்த்தப்பட்டோர் உள்ளே போய்க் கும்பிடும் உரிமைக்காகக் காத்து நின்றார்கள். அவர்களை மறித்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் முன்னாட் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். அப்பொழுதும் அதே பல்லவிதான்: சாதியைப் பேசினால் தமிழர் ஒற்றுமை கெடும்! வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைத்தான் ஒற்றுமையைக் கெடுத்தவன் என்றார்கள். வாசலை மறித்தவனை அல்ல.

ஆயுதங்களின் காலத்தைப் பற்றி நீட்டி எழுத மனம் ஒப்பவில்லை. 1988இலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் சிலர் மனித உரிமைகளுக்கான அமைப்பொன்றைத் தொடங்கினர். அரசப்படை, இந்தியப்படை, இயக்கங்கள் ஆகிய எல்லாரையும் ஒரே கோலால் அளந்தார்கள். அவர்களுள் ஒருவரும், 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவருமான உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இலே, சைக்கிளில் வீடு திரும்பும் வழியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். கணக்குக் கேட்பதற்கு அக்காலத்திலே இருந்த விலை அது.

இன்று அந்த விலை இல்லை. இன்று நாம் கேளாதிருப்பதற்கு அச்சத்தைக் காரணங்காட்ட முடியாது. அதனாற்றான் 2013க்குப் பின்னுள்ள கதை என்னை அதிகம் உறுத்துகிறது.

2013 செப்டெம்பர் 21இலே வடக்கு மாகாண சபைக்கு முதற்றேர்தல் நடந்தது. 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்ற நீதியரசராயிருந்து ஓய்வுபெற்ற சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். ஆளுநரின் கெடுபிடியும் கொழும்பின் கஞ்சத்தனமும் இருந்தன, மறுப்பாரில்லை. ஆனால் சுன்னாகத்துக் கிணறுகளின் கதையைக் கேளுங்கள்.

குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றில்லை. மாரிமழை சுண்ணாம்புக்கற் பாறைக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் மொண்டு குடிக்கிறோம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். ஓரிடத்திலே ஊற்றிய கழிவு, பாறை வெடிப்புகளூடாக அயலூர்க் கிணற்றுக்குள் போய்விடும். சுன்னாகம் மின்னிலையச் சுற்றாடலிலே கிணற்றுநீரில் எண்ணெய் கலந்திருப்பது தெரியவந்து, 2014, 2015ஆம் ஆண்டுகளிலே மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மாகாண சபை நிபுணர் குழுவொன்றை அமைத்தது. குழுவின் முடிவை மக்கள் நம்பவில்லை. வேறு அரச நிறுவனங்களின் பரிசோதனைகள் வேறு கதை கூறின. குழந்தைக்குக் கொடுக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு, தான் வாக்களித்துத் தெரிந்த சபையிடமிருந்து ஒரு தாய்க்குத் திடமான விடை கிடைக்கவில்லை. இறுதியில் 2019 ஏப்ரலிலே உச்ச நீதிமன்றம் பேசிற்று. மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்றது. வழக்குத் தொடுத்தவர் யார்? நம் 30 உறுப்பினர்களில் ஒருவரா? இல்லை, தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர்! நம் கிணற்றுக்காகக் கொழும்பு நீதிமன்றத்திலே ஒரு சிங்களவர் பேசினார். நம் சபை அப்பொழுது கலைந்து போயிருந்தது.

அதற்கு முன்னரே அந்தச் சபையிலே இன்னொரு நாடகம் அரங்கேறிற்று. அமைச்சர்கள்மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழவே, முதலமைச்சர் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இடம்பெற்ற விசாரணைக் குழுவொன்றை நியமித்தார். அது நல்ல செயல். தமிழ்த் தலைவர் ஒருவர் தம் சொந்த அமைச்சரவைமீதே விசாரணை வைத்தது அபூர்வம். குழு இருவர்மீது குறைகண்டது. 2017 ஜூனிலே அவ்விருவரையும் விலகச் சொன்னார். குற்றம் நிறுவப்படாத மற்ற இருவரையும் ஒரு மாதம் விடுமுறையிலே இருக்கச் சொன்னார். ஒரு நீதியரசர் இந்த இரண்டாவது காரியத்தை எப்படிச் செய்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. உடனே உறுப்பினர் 21 பேர் முதலமைச்சர்மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணையைத் தூக்கிக்கொண்டு, கொழும்பு நியமித்த ஆளுநரிடம் ஓடினார்கள். சுயநிர்ணயம் பேசியவர்களின் உள்வீட்டு வழக்கு யாரிடம் போயிற்று, பார்த்தீர்களா?

தெரு கொதித்தது. முதலமைச்சரின் பக்கம் இளைஞர் திரண்டனர். மதத் தலைவர்கள் நடுநின்றனர். கடிதங்கள் பறந்தன. பிரேரணை திரும்பப் பெறப்பட்டது. ஒற்றுமை காக்கப்பட்டதென்று எல்லாரும் பெருமூச்சு விட்டனர். ஆனால் விசாரணை எந்தப் பணத்தைப் பற்றியது, எந்த அதிகாரம் எவ்வாறு துஷ்பிரயோகமாயிற்று என்ற கேள்வி என்னவாயிற்று? ஆட்களைப் பற்றிய சண்டையிலே கணக்கு அமிழ்ந்து போயிற்று. விக்னேஸ்வரன் கட்சி, சம்பந்தன் கட்சி என்று பிரிந்து நின்றோமேயன்றி, அறிக்கையை எடுத்து வரிவரியாக வாசித்தவர் நம்முள் எத்தனை பேர்?

இங்கேதான் நம்முடைய 'சிவில் சமூகம்' என்பதையும் கேட்கவேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரிலே யாழ்ப்பாணத்திலே தமிழ் மக்கள் பேரவை தோன்றியது. வைத்தியர்கள், பேராசிரியர்கள், குருமார் எனக் கற்றோர் பலர் அதிலே சேர்ந்தனர். கட்சிகளின் போக்கை மக்கள் சார்பிலே தட்டிக்கேட்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் மெச்சத்தக்கதே. 2016 செப்டெம்பரிலே 'எழுக தமிழ்' என்று ஆயிரக்கணக்கானோரைத் தெருவுக்கு அழைத்ததும் சிறிய காரியமன்று. ஆனால் அதன் இணைத்தலைவர்களில் ஒருவர் யார்? பதவியிலிருந்த முதலமைச்சரே! சனசமூக நிலையத்துக் கணக்குப் பரிசோதகராகத் தனாதிகாரியையே நியமித்தால் பின்வாங்குக்காரர் விடுவாரா? பேராசிரியர்களும் வைத்தியர்களும் விட்டார்கள். கேட்க வேண்டியவரும் கேட்கப்பட வேண்டியவரும் ஒரே மேடையிலே, ஒரே மாலையோடு அமர்ந்தபின் கேள்வி எங்கிருந்து பிறக்கும்?

சிவில் சமூகம் என்ற சொல்லே நம்மிடத்திலே ஆங்கிலம் பேசத் தெரிந்தோரின் மறுபெயராகிவிட்டது. தூதுவர் வந்தால் சந்திப்பவர்கள், ஜெனீவாவுக்கு மனு எழுதுபவர்கள். 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சித் தெருவோரத்திலே குந்திய காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரை இச்சொல்லால் எவரும் அழைத்ததாக நான் கேட்டதில்லை. அவர்களோ அரசாங்கத்தைக் கேட்டதோடு நில்லாமல், தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்களையும் முகத்துக்கு நேரே கேட்டார்கள். பதவியோ பட்டமோ அவர்களுக்குத் தடையாயிருக்கவில்லை, இழக்க ஏதும் மிச்சமில்லாதபடியால்.

2018 ஒக்டோபரிலே மாகாண சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையைப் பாராளுமன்றம் குழப்பிவைத்ததைச் சாட்டாக்கி, 2024 முடியும்வரையிலும் தேர்தல் நடக்கவில்லை, ஆளுநர்களே ஆண்டார்கள். தேர்தலை நடத்து என்று குடாநாடு கொதித்ததா? இல்லை. அச்சபையாலே நாம் கண்டதென்ன என்ற சலிப்புத்தான் நம் வாயை அடைத்தது. கணக்குக் கேளாத சபை, இல்லாமற் போனபோதும் கேட்பாரற்றுப் போயிற்று.

2024 நவம்பர் தேர்தலிலே யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐத் தேசிய மக்கள் சக்தி வென்றது. தமிழ்த் தேசியக் கட்சிகள் திகைத்தன. மக்கள் இனத்தை விற்றுவிட்டார்கள் என்று சிலர் அழுதார்கள். விற்கவில்லை ஐயா, எழுபது ஆண்டுகளாகச் சிட்டை காட்டாதவரின் அறிக்கையை நிறைவேற்ற மறுத்தார்கள். இடதுசாரிச் சிந்தையுள்ள நம்மிலே சிலருக்கு இந்த முடிவு இனிக்கலாம். இனிப்பிலே மயங்கவேண்டாம். ஊழலொழிப்பைச் சொல்லி வந்தவரிடமும் காணி விடுவிப்புக்கும், கைதிகளின் விடுதலைக்கும், மாகாண சபைத் தேர்தலுக்கும் நாளும் திகதியும் கேட்கவேண்டும். சிவப்புக் கொடி பிடித்தவனுக்குச் சிட்டையிலிருந்து விலக்குக் கிடையாது.

கேட்பதற்குக் கருவிகள் இல்லையென்று இனிச் சொல்லமுடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் பிரதேச சபைக்கோ மாகாணத் திணைக்களத்துக்கோ ஒரு தாளிலே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்கமுடியாது. 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். குடியியல் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தம் ஊர் வீதிக்குக் கொட்டிய தாரின் கணக்கைக் கேட்டு மாணவரைக்கொண்டு மனு எழுதுவித்தால், அது எந்தப் பாடநூலையும்விட மேலான பாடமாகும்.

2023இலே வந்த தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டம் இன்னும் கூரியது. வேட்பாளர் ஒவ்வொருவரும், வென்றாலும் தோற்றாலும், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் தம் வரவையும் செலவையும் ஒப்படைக்க வேண்டும். யாரிடம் வாங்கினார், எதற்குக் கொடுத்தார் என்பதெல்லாம் அதிலே எழுதப்படவேண்டும். 2024 தேர்தலிலே யாழ்ப்பாணத்துச் சுவர்களிலே சிரித்த முகங்கள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு தாள் இருக்கவேண்டும். அவற்றைப் போய்ப் புரட்டிப் பார்த்த சங்கம் எது, ஆசிரியர் யார்?