டப்பா நுரைக்கு ஒரு கும்பிடு

பட்டனை அமுக்கினால் 'புஸ்'ஸென்று வருகிற நுரையை அப்பிக்கொண்டு, ஐந்து பிளேடு ரேசரை இழுத்துவிட்டு, கழுத்தெல்லாம் எரிகிறதென்று புலம்புகிறார்கள். எரியாமல் என்ன செய்யும்? டப்பா நுரையைத் தள்ளுவது பியூட்டேன், புரோப்பேன் மாதிரியான வாயு. வெளியே வந்ததும் மலையாக நிற்கிறது. தாடிக்கு வேண்டியது மலை இல்லை சார், தண்ணீர். ஊறிய முடிதான் சுலபமாக வெட்டுப்படும்.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். 'மிட்செல்ஸ் வூல் ஃபேட்' அந்த ஊர்ச் சரக்கு. ஆட்டுரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் சேர்த்த ஷேவிங் சோப்பு. (பேரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், மணப்பது குளியல் சோப்பு மாதிரிதான்.) சோடியத்தோடு பொட்டாசியமும் இருப்பதால் சுலபமாகக் கரையும். ஸ்டியரிக் அமிலம் நுரையை அடங்கவிடாது. ஈர பிரஷ்ஷை அதன்மேல் அரை நிமிஷம் சுழற்றி, முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் குழைத்தால் கட்டித்தயிர் போலப் பளபளவென்று நிற்கும். ரேசர் வழுக்கிக்கொண்டு போகும்.

"இதில் நுரையே வரவில்லை" என்று திட்டுகிறவர்களும் உண்டு. ஐந்து விநாடி தேய்த்துவிட்டுத் திட்டினால்? உப்புத்தண்ணீர் ஊரென்றால் கால்சியம் சோப்பைத் திரித்துவிடும். கூடக் கொஞ்சம் சோப்பு எடுக்கணும், இல்லாவிட்டால் கேன் தண்ணீர்.

எட்டு மணி கிளாஸுக்கு ஏழே முக்காலுக்கு எழுகிற ஹாஸ்டல்வாசிக்கு டப்பாதான் கதி, அதை மறுக்க முடியாது. மற்றவர்கள் "நேரமில்லை" என்பதுதான் வேடிக்கை. கூடுதலாக ஆவது மூன்று நிமிஷம். எரிகிற கழுத்தில் கிரீம் தேடித் தடவுவதற்கு மட்டும் அந்த மூன்று நிமிஷம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.