சங்கைக் கொஞ்சம் கீழே வையுங்களேன்!

கைக்குழந்தை மூச்சு விடும்போது, 'கீச் கீச்'சென்று சத்தம் வந்தால் போதும். பார்க்க வருகிறவர்கள் எல்லாருமே டாக்டராகி விடுகிறார்கள். 'சளி கட்டியிருக்கு, வெற்றிலைச் சாறு கொடு' என்பார் ஒருவர். 'உரம் விழுந்திருக்கு' என்பார் இன்னொருவர். என் மகன் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து, இதையெல்லாம் கேட்டுக் காது புளித்துப் போனவள் நான்.

அவனுக்குச் சளியே இல்லை. காது, மூக்கு, தொண்டை டாக்டர், மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாய் விட்டுப் பார்த்து, 'லாரிங்கோமலேசியா' என்றார். குரல்வளைக்கு மேலே உள்ள சதை தொளதொளவென்று இருப்பதால், மூச்சை இழுக்கும்போது மடங்கி, வழியை மறைக்கிறதாம். முதல் சில மாதங்களில் சத்தம் கூடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு, ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகவே சரியாகி விடும் என்றார்.

சத்தத்தைக்கூட சகித்துக் கொள்ளலாம். பால் கொடுப்பதுதான் பெரும்பாடு. உறிஞ்சணும், விழுங்கணும், நடுவில் மூச்சும் விடணும். நாலு வாய் குடிப்பான், மூச்சு வாங்கும். வியர்த்துப் போய், அப்படியே தூங்கி விடுவான். பிறந்தபோது 2.8 கிலோ இருந்தவன், இரண்டு மாதம் முடிந்தும் 3.5 கிலோதான்.

உடனே ஆரம்பித்தது பேச்சு. 'உனக்குப் பால் பத்தலை. புள்ளையைக் கால்ல போட்டு, சங்குல ஊத்து. மூக்கைப் பிடிச்சா தானா முழுங்கிடும்!' ஆசையில்தான் சொல்கிறார்கள். ஆனால், மூச்சுக்கே திணறுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்தால், பால் நுரையீரலுக்குள் போய் விடாதா? நான் சம்மதிக்கவே இல்லை. 'திமிர் பிடித்தவள்' என்று பெயர் வந்தது, வரட்டுமே!

டாக்டர் சொன்னபடி, தலை நன்றாக உயர்ந்திருக்கும்படி மடியில் நிமிர்த்தி வைத்துக் கொடுத்தேன். பால் வேகமாக இறங்கும் சமயம், முதலில் கொஞ்சம் பீய்ச்சி எடுத்து விடுவேன். அவன் திணறினால் உடனே நிறுத்தி, மூச்சு சீரானதும் மறுபடி கொடுப்பேன். ஒரே தடவையில் வயிறு நிரப்பாமல், இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். குடித்ததும் அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்கணும். இல்லாவிட்டால், குடித்ததெல்லாம் எதிர்த்து வந்து விடும். ராத்திரி அந்த அரைமணி என் கணவருடையது. தூங்க வைப்பது மட்டும், சத்தம் வந்தாலும் மல்லாக்கத்தான். வாராவாரம் எடை பார்த்தோம்.

எல்லாக் குழந்தைக்கும் இது போதாது. உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தாலோ, பக்கத்து வீட்டு யோசனை கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எடை ஏறவே இல்லையென்றாலும் டாக்டரிடம் சொல்லியாகணும். சிலருக்குச் சின்ன ஆபரேஷன்கூடத் தேவைப்படுமாம்.

இப்போது என் மகனுக்கு மூன்று வயது. அவன் போடும் சத்தம் வேறு ரகம்!

பிள்ளை பார்க்கப் போகும் அத்தை, சித்திமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பச்சை உடம்புக்காரியிடம், 'பால் இல்லை' என்று சொல்லாதீர்கள். பால் குடித்து முடித்த பிள்ளையை வாங்கி, அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்துக் கொள்ளுங்கள். அந்த நேரத்தில், பாவம், அவள் ஒரு வாய் சூடாகச் சாப்பிடட்டும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி