போதும், உட்காரு

அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்து ஆறு மாதம் கழித்து நடந்த செக்கப்பில்தான் நாங்கள் செய்துகொண்டிருந்த தவறு எனக்குத் தெரிந்தது. டெக்னீஷியன் உள்ளங்கை அளவு கருவி ஒன்றை அம்மாவின் இடது காரை எலும்புக்குக் கீழே ரவிக்கைமேலேயே வைத்தார். பேட்டரி எவ்வளவு மிச்சம், வயர் சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் திரையில் வந்தன. கடைசியாக ஒரு கோட்டுப்படம். அதில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

“இது என்ன டாக்டர்?”

“ஒரு நாளைக்கு அம்மா எவ்வளவு நேரம் நடமாடறாங்கங்கிற கணக்கு.”

அரை மணி நேரம்கூட இல்லை. டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, மூச்சு வாங்குதா? நடக்க முடியலையா?”

“எனக்கு முடியுது. இவங்கதான் விடமாட்டேங்கறாங்க.”

மன்னார்குடியில் எங்கள் வீடு ஹரித்ரா நதியின் தென்கரையில் இருக்கிறது. பேர்தான் நதி, உண்மையில் அது பெரிய தெப்பக்குளம். விடியற்காலையில் கோலம் போட்டுவிட்டு நான்கு கரையையும் ஒரு சுற்று வருவது அம்மாவின் வழக்கம். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒருநாள் வடகரையில் மயங்கி விழுந்தாள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 34 என்றார்கள். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகும் மின்சாரம் வழியிலேயே அறுபட்டுவிட்டது. அதற்குத்தான் பேஸ்மேக்கர்.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் எல்லாவற்றையும் நிறுத்தினோம். கோலம் வேண்டாம், குடம் தூக்க வேண்டாம், வாசல்படி இறங்க வேண்டாம். அவள் எழுந்தால் போதும், யாராவது ஒருவர் “போதும், உட்காரும்மா” என்போம். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்காதீர்கள், கனமாக எதுவும் எடுக்காதீர்கள் என்று மருத்துவமனையில் சொன்னது நான்கு முதல் ஆறு வாரத்துக்குத்தான். வயரின் நுனி இதயத் தசையில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்வரை தேவைப்படும் கவனம் அது. நாங்கள் அதை ஆறு மாதமாக இழுத்தோம். தோள்பட்டை இறுகிப்போய், தலைமுடியைத் தானே கொண்டை போட முடியாத நிலைக்கு அம்மா வந்திருந்தாள். அது இதயத்தால் வந்த வலி இல்லை. எங்கள் பயத்தால் வந்தது.

அந்தக் கோட்டுப்படம் எப்படி வருகிறது என்று அன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போதைய பேஸ்மேக்கர்கள் பலவற்றுக்குள் அசைவை அறியும் உணரி ஒன்று இருக்கிறது. கைபேசியைச் சாய்த்தால் படமும் திரும்புவது இதே வகை உணரியால்தான். சொந்தமாக வேகம் கூட்ட முடியாத இதயத்துக்கு, உடம்பின் அசைவை வைத்து ‘இவர் நடக்கிறார்’ என்று கண்டுகொண்டு கருவி துடிப்பைக் கூட்டும், உட்கார்ந்தால் குறைக்கும். இதில் சில குறைகளும் உண்டு. படி ஏறும்போதைவிட இறங்கும்போது உடம்பு அதிகம் அதிர்வதால், இறங்கும்போதுதான் துடிப்பைக் கூடுதலாக ஏற்றிவிடும். உட்கார்ந்த இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் மார்பு அசையாததால் போதிய அளவு ஏற்றாது. படியேறும்போது மட்டும் மூச்சு வாங்கினால், வயசாகிவிட்டது என்று சும்மா இருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கத்தி வைக்காமல், வெளியிலிருந்தே அந்த அமைப்பை மாற்றிக் கொடுப்பார்கள்.

அந்த உணரியே நடமாட்டத்தையும் குறித்துவைக்கிறது. இப்படிச் சேர்ந்த கணக்கை வைத்து 2015இல் அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஐ.சி.டி. பொருத்திய 98,437 பேரைப் பற்றியது. இதயம் ஆபத்தான வேகத்தில் துடித்தால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்து அதைச் சரிசெய்யும் கருவிதான் ஐ.சி.டி. நடமாட்டத்தின் அளவுப்படி அவர்களை ஐந்து பங்காகப் பிரித்துப் பார்த்தார்கள். மிக அதிகம் நடமாடிய பங்கில் நான்கு ஆண்டு கழித்து நூற்றுக்குச் சுமார் 90 பேர் உயிரோடு இருந்தார்கள். மிகக் குறைவாக நடமாடிய பங்கில் 50 பேர்தான்.

நடந்ததால் மட்டுமே பிழைத்தார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. உடம்பு மோசமானவர்கள்தான் முதலில் நடையைக் குறைப்பார்கள். ஆனால் ஒன்று நிச்சயம்: கோடு இறங்கினால் ஏன் இறங்குகிறது என்று கேட்க வேண்டும். நோயா, பயமா, வீட்டாரா?

ஐ.சி.டி. வைத்தவர்களுக்கு இன்னொரு பயம், வேகமாக நடந்தால் ஷாக் அடித்துவிடுமோ என்று. ஒருமுறை அடித்தவர்களுக்கு அந்த நினைப்பு சுலபத்தில் போகாது. இதயம் பலவீனமான 2,331 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. சாவும் மருத்துவமனைச் சேர்க்கையும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை, பலன் சிறியதுதான். ஆனால் பயிற்சி பாதுகாப்பாக இருந்தது. அவர்களில் ஐ.சி.டி. வைத்திருந்த 1,053 பேரைத் தனியாகப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களுக்கு ஷாக் அதிகமாகவில்லை. அதனால் ஐ.சி.டி. உள்ளவர்கள், “இதயம் எந்த வேகத்தில் துடித்தால் என் கருவி விழித்துக்கொள்ளும்? அதற்கு எவ்வளவு கீழே நான் நிற்க வேண்டும்?” என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நடக்கலாம். தலைசுற்றல், நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இந்த எச்சரிக்கை எல்லோருக்கும் உண்டு.

வீட்டார் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது முதல் பேஸ்மேக்கரின் கதை. உலகத்திலேயே முதன்முதலில், 1958 அக்டோபரில், ஸ்வீடனில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் ஆர்னே லார்சன். அப்போது அவருக்கு வயது 43; ஒரே நாளில் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. வாழ்நாளில் அவருக்கு மாற்றி மாற்றி வைத்தவை 26. அவர் 2001வரை, 86 வயதுவரை இருந்தார். கருவியைச் செய்த ரூனே எல்ம்க்விஸ்ட், அதைப் பொருத்திய ஓகே சென்னிங் இருவருக்கும் பிறகுதான் அவர் போனார். இதயத்தால் அல்ல, புற்றுநோயால். மனைவி எல்ஸ்-மேரி விடாமல் மன்றாடியதால்தான் அந்த முதல் கருவியே உருவானது. வீட்டாரின் அன்பு ஓர் உயிரை எழுப்பி நடக்கவும் வைக்கும். எங்கள் அன்பு அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்திருந்தது.

செக்கப் முடிந்து வந்த மறுநாள் அம்மா தென்கரையை மட்டும் நடந்தாள். பத்து நிமிடம். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சுவரில் விரல்களை நகர்த்தி நகர்த்தித் தோளைப் பழக்கினோம். ஒரு வாரம் கழித்துக் கீழ்கரை சேர்ந்தது. வடகரை, அதாவது அவள் விழுந்த இடம், வருவதற்கு ஒரு மாதம் ஆனது. அங்கே வந்ததும் எனக்குத்தான் கால் தயங்கியது. நாக்கு நுனிவரை வந்தது, “போதும்மா, உட்காரு.” சொல்லவில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.